அக்காமலை, நங்கை, நாத்தூண்: ஓர் ஆங்கிலச் சொல்லுக்குள் அடங்காத உறவுகள்

வால்பாறைக்கு மேலே, புல்மலைப் பக்கம், அக்காமலை என்று ஒரு சிகரம் இருக்கிறது. துணைக்குத் தங்கச்சிமலை என்று இன்னொன்று. அக்காமலை என்ற பெயரில் ஒரு தேயிலை எஸ்டேட்டும் உண்டு. இந்த இரண்டு மலைகளின் பெயரையும் ஆங்கிலத்தில் சொல்லிப் பாருங்கள். இரண்டுமே 'சிஸ்டர்' ஆகிவிடும். எது எது என்று தெரிய வேண்டுமானால் பெரிய, சின்ன என்று முன்னால் ஒரு ஒட்டுப் போட வேண்டும். தமிழில் ஒட்டே வேண்டாம். மூத்தவளா இளையவளா என்பது சொல்லுக்குள்ளேயே இருக்கிறது. மூத்தது இளையது சொல்லாமல் 'உடன்பிறந்தவள்' என்று மட்டும் சொல்ல வேண்டுமென்றால்தான் தமிழில் சிரமம். சகோதரி என்று வடமொழியைக் கூப்பிட வேண்டும். அதுவும் மேடைப் பேச்சுக்குத்தான் உதவும். வீட்டில் யாரும் "சகோதரி, காப்பி கொடு" என்று கேட்பதில்லை.

அக்கா தங்கை விஷயம் இவ்வளவோடு சரி. குழப்பம் கல்யாணத்துக்கு அப்புறம்தான் ஆரம்பிக்கிறது.

ஆங்கிலத்தில் 'சிஸ்டர் இன் லா' என்ற ஒரே சொல் எத்தனை பேருக்குப் போகிறது என்று எண்ணலாம். மனைவியின் அக்கா, மனைவியின் தங்கை, கணவனின் அக்கா, கணவனின் தங்கை, அண்ணன் மனைவி, தம்பி மனைவி. ஆறு பேர் ஆயிற்று. கணவனுடைய சகோதரனின் மனைவியையும் சில பேர் இதிலேயே சேர்ப்பார்கள். ஆக ஏழு. தமிழில் கொழுந்தியா, மச்சினிச்சி, நாத்தனார், அண்ணி, மதினி, நங்கை, ஓரகத்தி என்று சொல்லிக்கொண்டே போகலாம். ஓரகத்தி என்றால் ஓர் அகத்தில், அதாவது ஒரே வீட்டில், வாழ வந்தவள். அண்ணனும் தம்பியும் கட்டிக்கொண்டு வந்த இரண்டு பெண்களும் ஒருத்திக்கு ஒருத்தி ஓரகத்தி. ஆங்கிலத்தில் இதற்குச் சொல் இல்லாததால் நம் ஊர் ஆங்கிலம் 'கோ சிஸ்டர்' என்று ஒன்றைத் தானே செய்துகொண்டது. சகலைக்கு 'கோ பிரதர்'. லண்டனில் போய் இதைச் சொன்னால் ஏதோ மடத்தில் சேர்ந்தவர்கள் என்று நினைத்துக்கொள்வார்கள்.

இந்தச் சொற்கள் எல்லாம் ஒரே இடத்தில் கலந்து கிடக்கும் ஊர் வேண்டுமென்றால் வால்பாறையைத்தான் சொல்ல வேண்டும். ஆனைமலையில் காடர், முதுவர், மலசர் முதலிய பழங்குடிகள் வாழ்ந்த காடுகளில் 1890களில் கார்வர் மார்ஷ் போன்ற வெள்ளைக்காரத் தோட்டக்காரர்கள் எஸ்டேட் போட ஆரம்பித்தார்கள். காட்டை வெட்டவும் செடி நடவும் கொழுந்து எடுக்கவும் ஆள் வேண்டும். கங்காணிகள் ஊர் ஊராகப் போய் முன்பணம் கொடுத்து ஆள் பிடித்தார்கள். திருநெல்வேலி, இராமநாதபுரம், மதுரை, சேலம், கீழே பொள்ளாச்சி, உடுமலைப் பக்கம், அந்தப் புறம் கேரளம் என்று பல சீமை ஜனங்கள் ஒரே லைன் வீட்டு வரிசையில் அடுத்தடுத்த கதவுக்குக் குடிவந்தார்கள்.

அண்ணன் கல்யாணம் கட்டிக்கொண்டு வந்த பெண்ணைத் திருநெல்வேலிக்காரர் மதினி என்பார், நாகர்கோவில் பக்கம் அது மைனி. தஞ்சாவூர்ப் பக்கத்துக்காரருக்கு அண்ணி. கொங்கு நாட்டாருக்கு நங்கை, நங்கையா. மலையாளிப் பெண்ணுக்கு அண்ணன் மனைவியும் நாத்தூன், கணவனின் தங்கையும் நாத்தூன். ஒரே குழாயடியில் இத்தனை சொல்.

இதில் நங்கையும் நாத்தூனும்தான் கொஞ்சம் நின்று பார்க்க வேண்டியவை. நங்கை என்றால் இன்றைய எழுத்துத் தமிழில் 'பெண்' என்று பொதுவாக ஒரு பொருள். கவிதைக்கும் திருமணப் பத்திரிகைக்கும் ஆகும். ஆனால் கொங்கு நாட்டு வீடுகளில் அது உறவுச் சொல்லாக, புழங்கும் சொல்லாகவே இருந்துவருகிறது. பழந்தமிழில் எங்கை, நுங்கை, தங்கை என்று ஒரு வரிசை உண்டு. எங்கை என்றால் என் தங்கை. நுங்கை உன் தங்கை. தங்கை என்றால் அவனுடைய அல்லது அவளுடைய தங்கை. எந்தை, நுந்தை, தந்தை என்பதும் எம்பி, நும்பி, தம்பி என்பதும் இதே கணக்குத்தான். காலப்போக்கில் 'அவனுடைய' என்ற ஒன்று மட்டும் மிஞ்சி, எல்லாருக்கும் பொதுவாகிவிட்டது. இன்று 'என் தங்கை' என்று சொல்லும்போது பழைய இலக்கணப்படி பார்த்தால் 'என் அவனுடைய தங்கை' என்று சொல்கிறோம்! இந்த வரிசைக்குப் பக்கத்தில் நங்கையை வைத்து, நம் வீட்டுப் பெண் என்ற பொருளில் விளங்கிக்கொள்பவர்கள் உண்டு. வேறு வீட்டிலிருந்து வந்தவளை 'நம்மவள்' ஆக்கிக்கொள்ளும் சொல் என்றால் பொருத்தமாகத்தான் இருக்கிறது.

சங்க இலக்கியத்தில் எங்கை என்ற சொல்லுக்கு வேறொரு உபயோகமும் உண்டு. கணவன் போய் வரும் பரத்தையைத் தலைவி எங்கை என்று சொல்வாள். 'என் தங்கச்சி' என்று! பாசத்தால் அல்ல, குத்தலுக்கு. உறவுச் சொல்லை வைத்து ஆளைக் கொல்லும் வித்தை இரண்டாயிரம் வருஷத்துப் பழையது.

சிலப்பதிகாரத்தில் நங்கையும் நாத்தூணும் சேர்ந்தே வருகின்றன. மதுரைக்கு வெளியே ஆயர் சேரியில் மாதரி வீட்டில் கோவலனும் கண்ணகியும் அடைக்கலமாகத் தங்குகிறார்கள். கண்ணகி சமைக்கிறாள். கூடமாட உதவி செய்ய மாதரியின் மகள் ஐயை வருகிறாள். அவளைக் காப்பியம் நாத்தூண் நங்கை என்று குறிக்கிறது. நாத்தனார் என்று இன்று சொல்வதன் பழைய வடிவம். இதை யோசித்துப் பார்த்தால் ஒன்று புலப்படும். மாதரி கண்ணகியை மகளாக வைத்துக்கொண்டாள் என்றால் ஐயை கண்ணகிக்குத் தங்கை ஆகியிருக்க வேண்டும். தங்கை ஆகவில்லை, நாத்தனார் ஆகிறாள். அப்படியானால் அந்த வீட்டில் மகன் ஸ்தானம் கோவலனுக்கு, கண்ணகிக்கு மருமகள் ஸ்தானம். யாரும் வாய்விட்டுச் சொல்லாத ஒரு ஏற்பாட்டை ஒரே உறவுச் சொல் சொல்லிவிடுகிறது. மறுநாளே இடிந்து விழப்போகும் வீடு அது என்பது வேறு கதை.

அந்த நாத்தூணை மலையாளம் ஏறக்குறைய அப்படியே காப்பாற்றி வைத்திருக்கிறது. நங்கையைக் கொங்கு காப்பாற்றியது. ஒன்று சாலக்குடி வழியாக மலக்கப்பாறை தாண்டி மலையேறியது, மற்றொன்று ஆழியாற்றிலிருந்து 40 கொண்டை ஊசி வளைவு ஏறி வந்தது. வால்பாறை லைன் வீடுகளில் இரண்டும் மறுபடி சந்தித்துக்கொண்டன.

சரி, இவ்வளவு சொற்கள் எதற்கு? ஆங்கிலேயனுக்கு ஒன்று போதுமாக இருக்கும்போது தமிழனுக்கு ஏன் ஏழு? தமிழ் வளமான மொழி என்று மார்தட்டிவிட்டுப் போய்விடலாம். அது பதில் இல்லை. ஆங்கிலத்தில் 'கசின்' என்ற ஒரு சொல் இருக்கும் இடத்தில் தமிழ் என்ன செய்கிறது என்று பார்த்தால்தான் பதில் கிடைக்கும். பெரியப்பா மகள், சித்தப்பா மகள், பெரியம்மா மகள், சித்தி மகள் நான்கு பேரும் கசின். அத்தை மகளும் மாமன் மகளும்கூட கசின்தான். தமிழிலோ முதல் நான்கு பேரும் அக்கா அல்லது தங்கச்சி. அத்தை மகளும் மாமன் மகளும் முறைப்பெண். முதல் வகையைக் கட்டிக்கொள்வதை நினைத்தாலே பாவம். இரண்டாம் வகையைக் கட்டிக்கொள்ளாவிட்டால் சில வீடுகளில் சண்டை. அப்பாவின் தங்கை அத்தை. மாமியாரும் அத்தை. அம்மாவின் தம்பி மாமா. மாமனாரும் மாமா. இது சொல் பஞ்சம் அல்ல. அத்தை மகளைக் கட்டினால் அத்தைதானே மாமியார்?

ஆக, தமிழ் உறவுச் சொல் ஒவ்வொன்றும் ஒரு கதவு மாதிரி. யாரோடு கல்யாண உறவு வைக்கலாம், யாரோடு கூடாது என்று திறந்தோ மூடியோ இருக்கும். பங்காளி ஒரு பக்கம், மாமன் மச்சான் மறு பக்கம். லைன் வீட்டுக்குப் புதிதாகக் குடிவந்தவருக்கு இது வெறும் மரியாதை விஷயமாக இருக்கவில்லை. பக்கத்து வீட்டுக்காரரை 'அண்ணே' என்று கூப்பிட ஆரம்பித்தால் அவர் மனைவி அண்ணி, பிள்ளைகள் நம் பிள்ளைகளுக்கு அண்ணன் தங்கச்சி. 'மாமா' என்றோ 'மச்சான்' என்றோ கூப்பிட ஆரம்பித்தால் இருபது வருஷம் கழித்து சம்பந்தம் பேச வழி உண்டு. முதல் வாரத்தில் வாயில் வந்த ஒரு சொல், பிள்ளைகள் வளர்ந்து காதலிக்கும்போது குறுக்கே வந்து நிற்கும். "அண்ணன் முறை ஆகுதே" என்ற வாக்கியம் உடைத்த காதல்கள் எத்தனையோ.

இந்த விஷயம் ஓர் அமெரிக்க வக்கீலின் தூக்கத்தைக் கெடுத்தது என்பது பலருக்குத் தெரியாத கதை. அவர் பெயர் லூயிஸ் ஹென்றி மார்கன். நியூயார்க் மாநிலத்தில் ரோச்செஸ்டர் என்ற ஊர். ரயில்வே கம்பெனிகளுக்கு வக்கீல் வேலை, பங்கு முதலீடு, நல்ல வருமானம். பொழுதுபோக்கு என்னவென்றால் பக்கத்தில் வாழ்ந்த இரோகுவா பழங்குடிகளைப் பற்றி எழுதுவது. அவர்களில் செனகா மக்களிடம் ஒரு விசித்திரத்தைக் கவனித்தார். அம்மாவின் சகோதரியையும் அம்மா என்கிறார்கள், அப்பாவின் சகோதரனையும் அப்பா என்கிறார்கள். (பெரியம்மா, சின்னம்மா, பெரியப்பா, சித்தப்பா என்று வளர்ந்த நமக்கு இதில் என்ன விசித்திரம் என்று தோன்றும். மார்கனுக்கு அது பெரிய விசித்திரம்.) 1858ல் மிச்சிகனுக்கு ரயில்வே வேலையாகப் போனபோது ஒஜிப்வா மக்களிடம் விசாரித்தார். மொழி முற்றிலும் வேறு, ஆனால் உறவுக் கணக்கு ஒன்று. 1859ல் ஆற்காடு மிஷனைச் சேர்ந்த ஸ்கடர் என்ற பாதிரியார் இந்தியாவிலிருந்து அமெரிக்கா வந்திருந்தார். வேலூரில் சி.எம்.சி. மருத்துவமனையைத் தொடங்கிய ஐடா ஸ்கடரின் குடும்பம்தான். அவரிடம் மார்கன் தமிழ் உறவுமுறைகளைக் கேட்டார். அதே கணக்கு! அப்பாவின் சகோதரன் ஒரு வகை அப்பா, அம்மாவின் சகோதரன் மட்டும் மாமா, பெரியப்பா மகன் அண்ணன், அக்காவும் தங்கையும் வேறு வேறு சொல்.

மார்கனுக்குத் தலைகால் புரியவில்லை. இருநூறுக்கும் மேற்பட்ட உறவுகளைக் கேள்வியாக்கி ஒரு படிவம் அச்சடித்தார். 'என் தாயின் சகோதரனுடைய மகனின் மனைவி' என்கிற மாதிரிக் கேள்விகள். ஸ்மித்சோனியன் நிறுவனமும் அமெரிக்க அரசின் தூதரகங்களும் அதை உலகம் முழுக்க அனுப்பின. பாதிரிமார்கள் நிரப்பித் திருப்பி அனுப்பினார்கள். 1871ல் சுமார் 600 பக்கத்தில், பாதிக்குப் பாதி அட்டவணையாக, புத்தகம் வெளிவந்தது. மானுடவியலில் உறவுமுறை ஆய்வு என்ற துறையே இதிலிருந்துதான் கிளம்பியது என்பார்கள். ஆசிய உறவுமுறைக்குத் 'துரானியன்' என்று பெயர் வைத்து, அதற்கு மாதிரியாக மார்கன் எடுத்துக்கொண்டது தமிழை.

அவர் எடுத்த முடிவு தவறு. உறவுக் கணக்கு ஒன்றாக இருப்பதால் செவ்விந்தியர்கள் ஆசியாவிலிருந்து போனவர்கள் என்று நிரூபணம் ஆகிவிட்டது என்றார். அவர்களுடைய முன்னோர் ஆசியாவிலிருந்து போனது உண்மைதான், ஆனால் அதற்குச் சாட்சி அத்தையும் மாமாவும் அல்ல. ஒரே மாதிரிக் கணக்கு தனித்தனியாகப் பல இடங்களில் உருவாகலாம். தவிர, செனகா கணக்கும் தமிழ்க் கணக்கும் கிட்டத்தில் ஒன்றுபோல இருந்தாலும் தூரத்து உறவுகளுக்குப் போகப் போகப் பிரிந்துவிடும் என்று லவுன்ஸ்பரி என்ற அறிஞர் 1964ல் காட்டினார். தமிழ்க் கணக்கில் மாமன் மகளைக் கட்டும் வழக்கம் சொல்லுக்குள் உட்கார்ந்திருக்கிறது. செனகாவில் அது இல்லை.

வேடிக்கை என்னவென்றால், மார்கன் 1851ல் கல்யாணம் செய்துகொண்ட மேரி ஸ்டீல் அவருடைய தாய்மாமன் மகள். சொந்த முறைப்பெண்! பொள்ளாச்சியில் பிறந்திருந்தால் ஊரே கூடி முறைப்படி நடத்தி வைத்திருக்கும் கல்யாணம். ஆனால் அவருடைய மொழியில் மேரி வெறும் 'கசின்'. தான் கட்டிக்கொண்டது எந்த வகைக் கசின் என்று சொல்லத் தன் மொழியில் சொல் இல்லாத மனிதர் உலகத்து உறவுச் சொல்லை எல்லாம் சேகரித்தார். 1862ல் மிசௌரி நதிப் பக்கம் பழங்குடிகளிடம் இதே படிவத்தோடு அவர் அலைந்துகொண்டிருந்தபோது, வீட்டில் இரண்டு மகள்களும் காய்ச்சலில் இறந்துபோனார்கள். சேதி கிடைத்தபோது அவர் இன்னும் பயணத்தில்தான் இருந்தார். அந்தப் புத்தகத்துக்குக் கொடுத்த விலையில் இதுவும் சேர்த்தி.

மார்கனின் அடுத்த புத்தகத்தைப் படித்துத்தான் எங்கெல்ஸ் 1884ல் 'குடும்பம், தனிச்சொத்து, அரசு ஆகியவற்றின் தோற்றம்' எழுதினார். அதில் தக்காணத்துத் திராவிடர்களின் உறவுமுறையும் வருகிறது. தொழிற்சங்கக்காரர்கள் வாசித்த புத்தகம். நம் அத்தையும் மாமாவும் ஆற்காடு, ரோச்செஸ்டர், லண்டன் என்று சுற்றிவிட்டு சிவப்பு அட்டையில் ஊர் திரும்பினார்கள் என்று சொல்லலாம்.

ஆங்கிலத்துக்குச் சொல் குறைவு என்பதால் அங்கே சிக்கல் குறைவு என்று நினைத்துவிடக் கூடாது. 'இன் லா' என்பதில் இருக்கும் 'லா' தேவாலயச் சட்டம். கல்யாணத்தால் கணவனும் மனைவியும் ஒரே உடல் ஆகிவிடுகிறார்கள், ஆகவே மனைவியின் தங்கை சட்டப்படி தனக்கும் தங்கை என்பது அந்தக் கணக்கு. மனைவி இறந்த பிறகும் அவள் தங்கைதான், கட்டக் கூடாது. 1835ல் இங்கிலாந்தில் வந்த சட்டம் அப்படிப்பட்ட கல்யாணம் செல்லவே செல்லாது என்றது. ஹோல்மன் ஹன்ட் என்ற புகழ்பெற்ற ஓவியர், மனைவி இறந்து சில வருஷம் கழித்து அவள் தங்கையைக் கட்ட ஆசைப்பட்டு, 1875ல் சுவிட்சர்லாந்துக்குப் போய்க் கட்டினார். தடையை நீக்கும் மசோதா 1842லிருந்து திரும்பத் திரும்ப வந்து தோற்று, 1907ல்தான் நிறைவேறியது. இறந்த சகோதரனின் மனைவியைக் கட்ட 1921 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. ஒரு கொழுந்தியாவுக்காக அறுபத்தைந்து வருஷம் ஒரு பார்லிமென்ட் அடித்துக்கொண்டது!

இங்கே நேர் எதிர். மனைவி இறந்துவிட்டால் கைக்குழந்தையைப் பார்த்துக்கொள்ள கொழுந்தியாதான் முதலில் பேச்சில் வருவாள். அக்கா பிள்ளையை வேறு எவள் பார்ப்பாள் என்பார்கள். கொழுந்து என்றால் இளசு. கொழுந்தன், கொழுந்தியா இரண்டும் வீட்டின் இளசுகள். (கொழுந்து எடுத்தே பிழைக்கும் வால்பாறையில் இந்தச் சொல்லை விளக்கத் தேவையில்லை.) திருக்குறளில் கொழுநன் என்றால் கணவன் என்பதையும் பக்கத்தில் வைத்துக்கொள்ளலாம். சொல் திறந்து வைத்திருக்கும் கதவு எல்லாருக்கும் நல்லது என்று சொல்ல முடியாது. அந்தக் கொழுந்தியாவின் விருப்பத்தைக் கேட்டவர்கள் குறைவு. இங்கிலாந்தில் சொல் தடுத்தது, இங்கே சொல் தள்ளியது. இரண்டு இடத்திலும் பெண் நடுவில் நின்றாள்.

மார்கனுக்குப் பிறகு, நீலகிரியில் தோடர்களிடம் தங்கி ஆராய்ந்த ரிவர்ஸ் 1907ல் இந்தச் சொற்களுக்கும் மாமன் மகள் கல்யாணத்துக்கும் உள்ள தொடர்பை எழுதினார். பிரெஞ்சுக்காரரான லூயி டூமோன் மதுரைப் பக்கம் பிரமலைக் கள்ளர்களிடையே இருந்துவிட்டுப் போய் 1953ல் எழுதிய கட்டுரை இன்னும் ஒரு படி மேலே போனது. ஐரோப்பியனுக்கு மச்சான் என்பவன் கல்யாணத்தால் கிடைக்கிறவன். தமிழனுக்கு மச்சான் பிறக்கும்போதே மச்சான். அப்பா ஒரு குடும்பத்தோடு வைத்த சம்பந்தம் மகனுக்குச் சொத்து மாதிரி வந்து சேர்கிறது என்றார். யாழ்ப்பாணத்தில் இது இன்னும் பளிச்சென்று தெரியும். அங்கே மாமன் மகளும் மச்சாள், அண்ணன் மனைவியும் மச்சாள், மனைவியின் தங்கையும் மச்சாள். ஆங்கிலம் மாதிரி ஒரே சொல்தானே என்று தோன்றலாம். இல்லை. கல்யாணத்துக்கு முன்னாலேயே அவள் மச்சாள்.

டூமோன் சொன்னதைக் கொங்கு நாட்டுக் கல்யாணத்தில் கண்ணால் பார்க்கலாம். வேளாளக் கவுண்டர் கல்யாணத்தில் இணைச்சீர் என்று ஒரு சடங்கு. தாலி கட்டுவதற்கு முன் மாப்பிள்ளையோடு அவனுடைய அக்காவோ தங்கையோ இணைந்து நின்று செய்யும் சீர். மணப்பெண்ணுக்கு உரிய கூறைச்சேலை அண்ணனையும் தங்கையையும் இணைக்கும். 1960களில் காங்கேயம் பக்கம் ஒரு கிராமத்தில் தங்கி ஆராய்ந்த பிரெண்டா பெக் 1972ல் வெளியிட்ட புத்தகத்தில் இதை விரிவாக எழுதியிருக்கிறார். நாளைக்கு அண்ணனுக்கும் தங்கைக்கும் பிறக்கும் பிள்ளைகள் ஒருவரையொருவர் கட்டிக்கொள்ளலாம் என்ற உரிமைப் பேச்சு இதில் அடங்கியிருக்கிறது. புது மருமகள் வீட்டுக்குள் கால் வைக்கும் முன்பே நாத்தனார் தன் பங்கைப் பதிவு செய்துவிடுகிறாள்! கூடப்பிறந்தவள் இல்லாத மாப்பிள்ளைக்குச் சித்தப்பா மகளோ பெரியம்மா மகளோ இணைச்சீர்காரி ஆவாள். அத்தை மகள் ஆக முடியாது. கசின் என்று சொன்னால் இந்தச் சடங்கையே நடத்த முடியாது.

அண்ணன் தங்கை உறவுக்கு இவ்வளவு இடம் கொடுப்பது தமிழர் மட்டும்தானா என்றால் இல்லை. பசிபிக் கடலில் சமோவா தீவுகளில் வேறொரு கணக்கு. அங்கே பேசுகிறவர் ஆணா பெண்ணா என்பதைப் பொறுத்துச் சொல் மாறும். ஆண் தன் சகோதரியை 'துவாஃபஃபினே' என்பான். பெண் தன் சகோதரனை 'துவாகனே' என்பாள். ஆணுக்கு ஆண் சகோதரனும், பெண்ணுக்குப் பெண் சகோதரியும் 'உசோ'. ஒரே பெண் தம்பிக்கு ஒரு சொல், தங்கைக்கு வேறு சொல்! சகோதரனுக்கும் சகோதரிக்கும் நடுவில் 'ஃபெயாகாய்கா' என்று ஓர் ஒப்பந்தம் இருப்பதாகச் சொல்வார்கள். சகோதரிக்கு மதிப்பு அதிகம், அவள் வாக்கு பலிக்கும் என்ற நம்பிக்கை உண்டு. பொன்னர் சங்கர் கதையில் தங்கை அருக்காணி நல்லதங்காளின் வாக்கையும் வரத்தையும் கேட்டு வளர்ந்த கொங்கு நாட்டாருக்கு இது புரியும். அதே சமோவாவில் கல்யாணமாகிக் கணவன் வீட்டுக்குப் போய் வாழும் பெண் 'நோஃபோதானே'. அங்கே அவளுக்கு வேலைதான் அதிகம், மதிப்பு குறைவு. பிறந்த வீட்டில் ராணி, புகுந்த வீட்டில் வேலைக்காரி. நாத்தனாரும் மருமகளும் ஒரே பெண்ணின் இரண்டு வேஷம் என்பது இரண்டு ஊருக்கும் பொது.

இனி, சட்டப் புத்தகங்கள். 1955 இந்து திருமணச் சட்டம் கட்டக் கூடாத உறவுகளைச் சொல்லும்போது அண்ணன் தங்கையின் பிள்ளைகள், இரண்டு சகோதரர்களின் பிள்ளைகள், இரண்டு சகோதரிகளின் பிள்ளைகள் என்று ஒரே மூச்சில் சொல்கிறது. மாமன் மகளும் சித்தப்பா மகளும் ஒரே வரியில்! அக்கா மகளும் அங்கேயேதான். வழக்கம் அனுமதித்தால் தடையில்லை என்று ஒரு விலக்கு இருப்பதால்தான் தென்னாட்டுக் கல்யாணங்கள் தப்பித்தன. மனைவியின் தங்கை அந்தத் தடைப் பட்டியலில் இல்லை, அண்ணன் மனைவி இருக்கிறாள். பதிவுத் திருமணத்துக்கான 1954 சிறப்புத் திருமணச் சட்டத்தில் அந்த விலக்குகூட முதலில் இல்லை. 1963ல்தான் திருத்தம் வந்தது. அதுவரை ஒன்பது வருஷம் மாமன் மகளைப் பதிவாளர் முன்னால் கட்ட முடியாது, மண்டபத்தில் கட்டலாம்.

பணம் சம்பந்தப்பட்ட சட்டங்கள் இன்னும் தமாஷ். 1956 கம்பெனிச் சட்டத்தின் உறவினர் பட்டியலில் சகோதரனின் மனைவியும் சகோதரியின் கணவனும் இருந்தார்கள். 2013 சட்டத்தின் கீழ் வந்த பட்டியலில் இருவரும் இல்லை. அதாவது அக்காவைக் கட்டிய மச்சான் இப்போது கம்பெனிச் சட்டப்படி உறவினரே அல்ல. கம்பெனி கான்ட்ராக்டை மச்சானுக்குக் கொடுப்பது நம் நாட்டின் புராதனக் கலை என்பதைச் சட்டம் எழுதியவர்கள் மறந்துவிட்டார்கள் போல. 1961 வருமான வரிச் சட்டமோ, அன்பளிப்புக்கு வரி இல்லாத உறவினர் யார் என்று சொல்லும்போது கொழுந்தியா, நாத்தனார், மச்சான், சகலை, ஓரகத்தி எல்லாரையும் சேர்த்தது. அத்தை மகளையும் மாமன் மகளையும் விட்டுவிட்டது. முறைப்பெண் கொடுத்த பணம் ஐம்பதாயிரத்தைத் தாண்டினால் வரி. அவளையே கட்டிக்கொண்டால் வரி இல்லை!

2019-21ல் நடந்த தேசியக் குடும்ப நலக் கணக்கெடுப்பில் தமிழ்நாட்டுக் கல்யாணங்களில் நூற்றுக்கு 28 சொந்தத்தில் நடந்தவை என்று வந்தது. நாடு முழுக்க எடுத்தால் அது 11தான். ஆக முறைப்பெண் இன்னும் புத்தகச் சொல் ஆகிவிடவில்லை. ஆனால் ஒரு பிள்ளையோடு நிறுத்திக்கொண்ட வீடுகளில் அடுத்த தலைமுறைக்கு அத்தையும் இல்லை, மாமாவும் இல்லை. ஓரகத்தி என்றால் என்ன என்று கேட்கும் பிள்ளைகள் பொள்ளாச்சியிலேயே வந்துவிட்டார்கள். நங்கை போய் அண்ணி வந்துகொண்டிருக்கிறது. அது சினிமா தந்தது.

வால்பாறையிலும் ஆள் மாறிவிட்டது. பழைய குடும்பங்களின் பிள்ளைகள் படித்துத் திருப்பூருக்கும் கோவைக்கும் இறங்கிவிட, காலியான லைன் வீடுகளுக்கு ஜார்க்கண்டிலிருந்தும் அஸ்ஸாமிலிருந்தும் ஜனங்கள் வந்திருக்கிறார்கள். இந்தியும் இந்த விஷயத்தில் ஏழை இல்லை. கணவனின் சகோதரி நனத், அண்ணன் மனைவி பாபி, மனைவியின் தங்கை சாலி, கணவனின் அண்ணன் மனைவி ஜேட்டானி, தம்பி மனைவி தேவ்ரானி. ஓரகத்தியையே இரண்டாகப் பிரித்து வைத்திருக்கிறார்கள். ஆனால் மாமன் மகள் அங்கே 'பஹன்', அதாவது தங்கை. பக்கத்து வீட்டுக் கல்யாணத்துக்கு வந்து பந்தியில் உட்காரும் வடக்கத்திக்காரர், மாப்பிள்ளைக்குப் பெண் என்ன உறவு என்று கேட்டுத் தெரிந்துகொண்டதும், சாப்பிடுவதை ஒரு நிமிஷம் நிறுத்தத்தான் செய்வார்.